பழைய சிகரெட் கார்டு சேர்க்கிறது எப்படி: 1880கள்ல வந்த அமெரிக்க கார்டுகளுக்கு முழு வழிகாட்டி

1880கள்ல அமெரிக்காவுல ஒரு சிகரெட் பாக்கெட் வாங்கினா பத்து சிகரெட்டோட உள்ள ஒரு குட்டி அட்டையும் இருக்கும். ஒரு பக்கம் கலர்ல ஒரு பறவையோ குத்துச்சண்டைக்காரரோ கடல் கொள்ளைக்காரனோ இருக்கும், பின்பக்கம் கம்பெனி பேரும் அந்த செட்ல மொத்தம் என்னென்ன படம் வருதுன்ற லிஸ்ட்டும் இருக்கும். 130 வருஷத்துக்கு மேல ஆகியும் இதுல பல கார்டு இன்னும் உலகம் பூரா கை மாறிக்கிட்டிருக்கு. விலையும் எல்லாரும் பயப்படுற அளவுக்கு இல்ல, சில செட் மட்டும்தான் லட்சத்துல போகும், மீதி நம்ம பாக்கெட்டுக்குள்ள அடங்கும். சிகரெட் பிடிக்கிறதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல, நான் பேசப்போறது அந்த அச்சு வேலையப் பத்தி, காகிதத்தப் பத்தி, ஏமாறாம வாங்குறதப் பத்தி.

பெருசா போகும் இந்த கட்டுரை, டீ வச்சுக்கிட்டு உக்காருங்க.

முதல்ல, இந்த கார்டு ஏன் வந்துச்சுன்னு புரிஞ்சுக்கோங்க

இத தெரிஞ்சுக்காம வாங்க ஆரம்பிச்சா கார்டோட காலத்த கணிக்கவே வராது, அதனால இதையும் ஒரு படியாவே வச்சிருக்கேன்.

அப்போ சிகரெட் பாக்கெட்னா மெல்லிசான பேப்பர் கூடு, சட்டைப் பையில போட்டா நசுங்கிடும். உள்ள ஒரு அட்டைய வச்சா விறைப்பா நிக்கும். சும்மா வெத்து அட்டையா வைக்கிறதுக்குப் பதிலா அதுல படம் அடிச்சா என்னன்னு யோசிச்சதுல ஆரம்பிச்சதுதான் இது. ஆனா அது மட்டும் காரணம் இல்ல. 1880க்கு முன்னாடி சிகரெட்ட கையாலதான் சுத்தினாங்க, நல்லா பழகின ஆள் ஒரு நாளைக்கு மூவாயிரம் சுத்தினாலே பெருசு. ஜேம்ஸ் பான்சாக்னு ஒரு இளைஞர் வர்ஜீனியாவுல ஒரு மெஷின் செஞ்சு 1881ல பேடன்ட் வாங்கினாரு, அது பத்து மணி நேரத்துல 1,20,000 சிகரெட் தள்ளும். வட கரோலினா டர்ஹம் ஊர்ல இருந்த டியூக் கம்பெனி அந்த மெஷின எடுத்துக்கிச்சு. இப்போ பிரச்சனை தலைகீழா மாறிப்போச்சு, சரக்கு குவியுது, வாங்க ஆள் வேணும், எல்லா கம்பெனி சிகரெட்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கு, அப்போ எப்படி ஆள இழுக்கிறது? படத்தக் காட்டி இழு. ஐம்பது படம் கொண்ட ஒரு செட், பாக்கெட்டுக்கு ஒண்ணு, செட் முடியணும்னா அதே பிராண்டையே வாங்கிட்டு இருக்கணும். 1889ல டியூக் கம்பெனி விளம்பரத்துக்கு மட்டும் 8 லட்சம் டாலர் செலவு பண்ணினதா சொல்றாங்க, அந்தக் காலத்து 8 லட்சம்ங்க.

அஞ்சு கம்பெனி பேர மனசுல ஏத்திக்கோங்க: ரிச்மண்ட் ஊரோட ஆலன் அண்ட் கின்டர், டர்ஹமோட டியூக், நியூயார்க்ல இருந்த கின்னி, அதே நியூயார்க்ல குட்வின், அப்புறம் ராச்செஸ்டர்ல கிம்பல். இந்த அஞ்சும் 1890ல ஒண்ணா சேர்ந்து அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனின்னு ஒரே ராட்சஸக் கம்பெனி ஆயிடுச்சு. போட்டியே இல்லாதப்போ யாருக்காக கலர் படம் அடிக்கணும்? கார்டு மெதுவா குறைஞ்சு போச்சு. 1909 வாக்குல புது போட்டி வந்தப்போதான் மறுபடி பெருசா தலை தூக்குச்சு, அது இருபதாம் நூற்றாண்டு கதை, இங்க வேணாம்.

இதுல நமக்கு கிடைக்கிற உபயோகம் என்னன்னா, நாம சேர்க்கப்போற நல்ல கார்டுகள்ல பெரும்பகுதி 1886ல இருந்து 1890 வரைக்கும் ஒரு நாலஞ்சு வருஷ ஜன்னலுக்குள்ள வந்தது. கார்டு பின்னாடி வெறும் அந்தப் பழைய கம்பெனி பேர் மட்டும் இருந்தா பெரும்பாலும் சேர்றதுக்கு முன்னாடி, அமெரிக்கன் டொபாக்கோன்ற பேரும் கூட ஒட்டியிருந்தா 1890 இல்லன்னா அதுக்கப்புறம். வருஷம் அச்சடிக்காத கார்டுக்கு இதுதான் முதல் துப்பு.

எந்த லைன்ல போகப்போறீங்கன்னு முடிவு பண்ணுங்க

புதுசா வர்ற எல்லாரும் பேஸ்பால் கார்டுலதான் போய் விழுவாங்க, ஏன்னா செய்தியில வர்றது அதுதான். என் அபிப்பிராயம், அந்தப் பக்கம் போகாதீங்க. அமெரிக்கக்காரங்களுக்கு அது பாட்டன் காலத்து ஞாபகம், பணத்த கொட்டுவாங்க, போலியும் அங்கதான் அதிகம். அதே கம்பெனி, அதே வருஷம், அதே அச்சகம் அடிச்ச பறவை கார்டு அதுல ஒரு சின்னப் பங்கு விலைக்கு கிடைக்கும், சொல்லப்போனா வேலைப்பாடு பறவை கார்டுலதான் இன்னும் நல்லா இருக்கும்.

ஆலன் அண்ட் கின்டர்தான் என் கட்சி. ஏறக்குறைய ஒன்றரை அங்குலம் அகலம், ரெண்டே முக்கால் அங்குலம் உயரம், அவ்ளோதான் சைஸ், அதுக்குள்ள அமெரிக்கப் பறவைகள், மீன்கள், காட்டு விலங்குகள், கொடிகள், விசிறிகள், ஸ்பானிய கடல் பக்கத்து கொள்ளைக்காரங்க, குதிரை ரேஸ் ஜாக்கிகளோட சட்டை கலர்னு மனுஷன் நினைச்சுப் பாக்க முடியாத தலைப்புலல்லாம் செட் போட்டிருக்காங்க. கொள்ளைக்காரங்க செட்ல முன்னாடி ஒரு முகம், அதே படத்துல முகத்துக்குப் பின்னால ஒரு சண்டையோ சித்திரவதையோ குட்டியா ஓடிட்டிருக்கும், லென்ஸ் வச்சுப் பாத்தாதான் முழுசா தெரியும்.

உலக சாம்பியன்கள்னு 1887, 1888 வாக்குல வந்த ஐம்பது கார்டு செட் இருக்கே, அதுல பத்து பேர்தான் பேஸ்பால் ஆட்டக்காரங்க. மீதி நாற்பதுல குத்துச்சண்டை ஜான் எல் சல்லிவன், படகு ஓட்டுற நெட் ஹன்லன், ஜப்பான்ல இருந்து வந்த மல்யுத்த வீரர் மட்சாடா சொராகிச்சி, துப்பாக்கி சுடுற ஆனி ஓக்லி, எருமை பில்னு ஊர் கூப்பிட்ட வில்லியம் கோடி, அப்புறம் பில்லியர்ட்ஸ் ஆடுறவங்க எல்லாம் வர்றாங்க. சுருக்கமா சொன்னா 1887ல ஒரு சாதாரண ஆளுக்கு யாரெல்லாம் ஹீரோவா இருந்தாங்கன்னு இந்த ஒரு செட் சொல்லிடும். இதுல ஆனி ஓக்லி கார்டு பேஸ்பால் அளவுக்கே விலை ஏறும், ஆனா படகுக்காரங்களும் பில்லியர்ட்ஸ்காரங்களும் பாவம் யாரும் சீண்டாம இருக்காங்க, நமக்கு நல்லதுதான்.

செவ்விந்தியத் தலைவர்கள் செட் பத்தி ஒரு வார்த்தை. படமா பாத்தா அந்தக் காலத்து கார்டுகள்லயே அதுதான் உச்சம்னு நிறைய பேர் சொல்லுவாங்க, நானும் ஒத்துக்குவேன். ஆனா ஜெரோனிமோ படம் சிகரெட் பாக்கெட்ல வந்துக்கிட்டிருந்த சமயத்துல அந்த மனுஷன் அமெரிக்க ராணுவத்தோட போர்க்கைதி, 1886ல சரணடைஞ்சவர வெளிய விடவே இல்ல. அதே செட்ல இருக்கிற சிட்டிங் புல் 1890 டிசம்பர்ல அரஸ்ட் பண்ணப் போனப்போ சுட்டுக் கொல்லப்பட்டாரு. ஒரு பக்கம் நிலத்த பிடுங்கிட்டு இன்னொரு பக்கம் முகத்த வித்திருக்காங்க. அந்தக் காலத்து கார்டுகள்ல கறுப்பின மக்களையும் சீனர்களையும் கேவலமா வரைஞ்சதும் ஏராளமா இருக்கு, சேர்க்க ஆரம்பிச்சா கண்ணுல படாம போகாது, அது சரித்திரம்னு வச்சுக்கிறதா தொடாம விடுறதான்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க.

மத்த கம்பெனிகள வேகமா சொல்லிடறேன். டியூக்ல குட்டி குட்டியா புத்தகமே வந்துச்சு, உள்நாட்டுப் போர்ல சண்டை போட்ட தளபதிகளோட வாழ்க்கை வரலாறு, சிகரெட் பாக்கெட்டுக்குள்ள அடங்குற சைஸ்ல ஐம்பது புத்தகம், 1888ல. கின்னி கம்பெனி ராணுவ யூனிஃபார்ம் செட் ஒண்ணு போட்டாங்க, 600 கார்டுக்கு மேல, முடிக்க பொறுமை வேணும் ஆனா ஒவ்வொரு கார்டும் மலிவு. குட்வின் கம்பெனியோட ஓல்டு ஜட்ஜ்ன்ற பிராண்ட்ல வந்த செட் முழுக்க பேஸ்பால், அது அச்சே இல்ல, நிஜ போட்டோ, அதப் பத்தி கீழ வரேன்.

நம்பர கத்துக்கோங்க

விக்கிறவங்க எல்லாம் என்-4, என்-28, என்-172ன்னு பேசுவாங்க, அது என்ன கணக்குன்னு முழிக்க வேணாம். ஜெஃபர்சன் பர்டிக்னு ஒருத்தர், நியூயார்க் மாநிலத்து சிராக்யூஸ் ஊர்ல எலக்ட்ரிகல் பொருள் செய்யுற கம்பெனில வேலை, பணக்காரர் கிடையாது, கல்யாணம் பண்ணிக்கல, பல வருஷம் மூட்டுவாதத்தோட அவஸ்தைப்பட்டவரு. அவர்தான் இந்த கார்டு உலகத்துக்கே நம்பர் போட்டாரு. பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க புகையிலை கார்டுன்னா என், இருபதாம் நூற்றாண்டுன்னா டி, அதுக்குப் பின்னாடி ஒரு எண். அமெரிக்கப் பறவைகள் என்-4, மீன்கள் என்-8, செவ்விந்தியத் தலைவர்கள் என்-2, கொள்ளைக்காரங்க என்-19, உலக சாம்பியன்கள் முதல் செட் என்-28, ரெண்டாவது செட் என்-29, டியூக் தளபதிகள் என்-78, ஓல்டு ஜட்ஜ் என்-172, கின்னி ராணுவம் என்-224. இன்னைக்கும் உலகம் பூரா இந்த நம்பர்தான்.

அவரோட மொத்த சேகரிப்பு மூணு லட்சத்துக்கும் மேல. எல்லாத்தையும் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்துக்கு இலவசமா குடுத்துட்டு, அங்கேயே போய் உக்காந்து வருஷக்கணக்கா ஒவ்வொண்ணா ஆல்பத்துல ஒட்டினாரு. 1963 ஜனவரில வேலை முடிஞ்சுது, மார்ச்ல இறந்துட்டாரு. கார்டுல பசை தடவக்கூடாதுன்னு கீழ நான் கண்டிப்பா சொல்லப்போறேன், ஆனா உலகத்துலயே பெரிய கலெக்‌ஷன்கள்ல ஒண்ணு பசை தடவி ஒட்டினதுதான், அதையும் சொல்லாம விட்டா நியாயமில்ல.

வாங்குறதுக்கு முன்னாடி கண்ண பழக்குங்க, அதுக்கு காசே வேணாம்

இந்தப் படிய தாண்டி குதிக்கிறவங்கதான் ஏமாறுறாங்க. மெட்ரோபாலிட்டன் மியூசியத்தோட வெப்சைட்ல பர்டிக் கலெக்‌ஷன்னு தேடுங்க, ஆயிரக்கணக்குல கார்டு பெரிய சைஸ் படமா இருக்கு, டவுன்லோட் பண்ணிக்கலாம். அமெரிக்க காங்கிரஸ் நூலகத்துல பெஞ்சமின் எட்வர்ட்ஸ் கலெக்‌ஷன்னு ஒண்ணு இருக்கு, 1887ல இருந்து 1914 வரைக்குமான பேஸ்பால் கார்டு 2,100. நியூயார்க் பொது நூலகத்தோட டிஜிட்டல் பக்கத்துல அரென்ட்ஸ் கலெக்‌ஷன், அது முழுக்க புகையிலை சம்பந்தப்பட்டது, கார்டு கொட்டிக் கிடக்கு. டியூக் கார்டுன்னா அந்தக் குடும்பத்துப் பேர்லயே இருக்கிற டியூக் பல்கலைக்கழக நூலகத்துல தேடுங்க.

சும்மா ஸ்க்ரோல் பண்ணாதீங்க. ஒரு செட்ட எடுத்துக்கோங்க, ஐம்பதையும் பாருங்க, எழுத்து எப்படி இருக்கு, கம்பெனி பேர் எங்க வருது, ஓரத்துல வெள்ளை பார்டர் எவ்ளோ அகலம், பின்பக்கம் எந்த கலர் மை. பின்பக்கத்த எப்பவும் பாருங்க, முன்பக்கத்த காப்பி அடிக்கிறவன் பின்பக்கத்துலதான் சோம்பேறித்தனம் காட்டுவான். ஆலன் அண்ட் கின்டர் கார்டோட பின்பக்கத்துல செட் லிஸ்ட்டோட, பத்து சிகரெட் கொண்ட ஒவ்வொரு பெட்டிலயும் ஒண்ணு இருக்குன்ற அர்த்தத்துல ஒரு வரியும் வரும். இதெல்லாம் கண்ணுல பதிஞ்சாச்சுன்னா விற்பனைல வர்ற ஒரு கார்டு தப்பா இருந்தா காரணம் சொல்லத் தெரியாட்டியும் ஏதோ இடிக்குதேன்னு தோணும், அந்த தோணல்தான் நமக்கு வேணும்.

சாமான்: மூணே மூணு

பத்து மடங்கு பெருசா காட்டுற ஒரு லென்ஸ், வாட்ச் ரிப்பேர் பண்றவங்களும் நகைக்கடைக்காரங்களும் வச்சிருக்கிறது, சில நூறு ரூபாய்தான். மில்லிமீட்டர் போட்ட நல்ல ஸ்டீல் ஸ்கேல். ஒரு யூவி டார்ச், ரூபாய் நோட்டு செக் பண்றோமே அந்த டைப் போதும். வேற எதுவும் இப்போதைக்கு வேணாம்.

லென்ஸ்ல என்ன தெரியணும்

இதுதான் முக்கியமான படி, கொஞ்சம் நின்னு பேசுவோம்.

கலர் கார்டு எல்லாம் குரோமோலித்தோகிராஃப் முறையில அடிச்சது. வழவழன்னு தேய்ச்ச சுண்ணாம்புக் கல் மேல எண்ணெய்ப் பிசுக்கான மையால ஓவியர் வரைவாரு, கல்ல தண்ணியால நனைச்சா வரைஞ்ச இடம் மட்டும் அச்சு மைய பிடிச்சுக்கும், மத்த இடம் தள்ளிடும். ஒரு கலருக்கு ஒரு கல். ஒரு குட்டி பறவைக்கு ஏழெட்டு கலர் வேணும்னா ஏழெட்டு கல்லு, ஒவ்வொண்ணும் முன்னாடி அடிச்சதுக்கு மேல கச்சிதமா உக்காரணும். நிழல் வரணும்னா அந்த ஓவியர் கையாலயே புள்ளி புள்ளியா வைக்கணும். ஆலன் அண்ட் கின்டருக்கு பிலடெல்பியா ஜார்ஜ் ஹாரிஸ், நியூயார்க் லிண்ட்னர் எட்டி அண்ட் கிளாஸ் மாதிரி அச்சகங்க அடிச்சாங்க, டியூக்குக்கு நாப் கம்பெனி. அந்த ஓவியர்கள்ல பல பேரோட பேர் கூட கார்டுல கிடையாது.

அதனால லென்ஸ்ல பாத்தா புள்ளிகள் ஒழுங்கில்லாம இருக்கும், ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசு, இங்க நெருக்கம் அங்க இடைவெளி. கறுப்புக் கோடு, எழுத்து எல்லாம் கெட்டியா முழுசா இருக்கும். கலர் ஒண்ணு ஒண்ணு மேல லேசா விலகியும் இருக்கலாம், அது குறை இல்ல. இதுக்கு நேர் மாறா, இந்தக் காலத்து ஆஃப்செட் ரீபிரிண்ட்னா நீலம், ரோஸ், மஞ்சள், கறுப்பு நாலே கலர் புள்ளி, அச்சு பிசகாம வரிசையா, பூப்பூவா வட்டம் கட்டி நிக்கும். எழுத்தோட ஓரமும் புள்ளியா உடைஞ்சு தெரியும். இன்னைக்கு நியூஸ்பேப்பர் படத்த லென்ஸ்ல ஒரு தடவ பாருங்க, அந்த டிசைன் மனசுல ஒட்டிக்கும். கார்டுல அது தெரிஞ்சா அப்பவே கீழ வச்சிடுங்க.

நிஜ போட்டோ கார்டு வேற ஜாதி. ஓல்டு ஜட்ஜ் பேஸ்பால் கார்டும், நடிகைகள் படம் போட்ட ஆயிரக்கணக்கான கார்டுகளும் முட்டை வெள்ளைக்கரு பூசின மெல்லிசு காகிதத்துல பிரிண்ட் போட்டு, அட்டை மேல ஒட்டினது. அல்புமன் பிரிண்ட்னு சொல்லுவாங்க. லென்ஸ்ல புள்ளியே இருக்கக்கூடாது, படம் பழுப்பா வழுக்கிக்கிட்டே போகும். புள்ளி இருந்தா அது போட்டோவ எடுத்து அச்சடிச்சது. ஓல்டு ஜட்ஜ்ல 500 ஆட்டக்காரங்களுக்கு மேல, போஸ் கணக்கு 2,000 தாண்டும், இன்னும் முழுசா முடிஞ்ச கணக்கு இல்ல. பல படம் புரூக்ளின் ஜோசப் ஹால் ஸ்டூடியோவுல எடுத்தது, பந்து பறக்கிற மாதிரி காட்ட அத நூல்ல கட்டித் தொங்க விட்டு எடுத்தாங்க, சில கார்டுல அந்த நூலே தெரியும். ஆட்டக்காரர் முகத்த பாருங்க, அந்தப் பந்த பிடிக்கிறதுக்கு அவ்ளோ சீரியஸா கை நீட்டிக்கிட்டு நிப்பாரு.

யூவி டார்ச் கதை சிம்பிள். காகிதம் பளிச்னு வெள்ளையா தெரியறதுக்கு ஒளிரும் ரசாயனம் சேர்க்கிற பழக்கம் ரெண்டாம் உலகப்போர் முடிஞ்சப்புறம்தான் பரவுச்சு. இருட்டு ரூம்ல டார்ச் அடிச்சா புதுக் காகிதம் நீல வெள்ளையா ஜொலிக்கும், 1888 காகிதம் மங்கலா கிடக்கும். ஜொலிச்சா கார்டு புதுசுன்னு அடிச்சு சொல்லலாம், ஆனா ஜொலிக்கலன்னா அது பழசுன்னு அர்த்தம் இல்ல, பழைய வெத்துக் காகிதத்துல அடிக்கிற கில்லாடிங்களும் இருக்காங்க. லென்ஸும் டார்ச்சும் ரெண்டும் ஓகே சொல்லணும்.

வழக்கமா விழுற பள்ளம்

டாப்ஸ் கம்பெனி 2006ல இருந்து ஆலன் அண்ட் கின்டர்ன்ற பேர்லயே புது கார்டு போடுது, அதுல மினின்னு ஒரு வகை பழைய கார்டு சைஸ்லயே வரும், பழைய டிசைன் மாதிரியே இருக்கும். ஜிப்சி குயின்னு பழைய குட்வின் பிராண்ட் பேர்லயும் போட்டிருக்காங்க. இது போலி இல்ல, அவங்க ஒழுங்கா கம்பெனி பேர் போட்டுத்தான் விக்கிறாங்க, ஆனா தேடும்போது ரெண்டும் கலந்து வந்து நிக்கும். இந்தக் காலத்து விளையாட்டு வீரர், சினிமா ஆள் முகம் இருந்தா தாண்டிப் போயிடுங்க.

அடுத்தது ஆல்பத்துல இருந்து வெட்டினது. அந்தக் காலத்துல பாக்கெட்ல வர்ற கூப்பனை சேர்த்து அனுப்பினா, செட் படம் எல்லாம் அழகா அச்சடிச்ச ஒரு ஆல்பம் கம்பெனி அனுப்பும். ஆல்பமே அருமையான பொருள், கிடைச்சா விடாதீங்க. ஆனா அதுல இருக்கிற முகத்த கத்திரிக்கோலால வெட்டி கார்டுன்னு விக்கிறவங்க உண்டு. அச்சும் காகிதமும் 1888தான், லென்ஸ் டெஸ்ட்ல பாஸ் ஆயிடும், பின்பக்கத்தப் பாத்தாதான் மாட்டும். அதனால பின்பக்க போட்டோ போடாத விற்பனையாளர்கிட்ட கேளுங்க, தரலன்னா விட்டுடுங்க.

மூணாவது ஓரம் வெட்டினது. மழுங்கின மூலைய நறுக்கி கூர் பண்ணிடுவாங்க. ஸ்டீல் ஸ்கேல் இதுக்குத்தான், ஆனா அந்தக் காலத்துல தொழிற்சாலை வெட்டே அரை மில்லி முன்ன பின்ன இருக்கும், சைஸ் மட்டும் வச்சு குத்தம் சொல்ல முடியாது. ஓரத்த லென்ஸ்ல பாருங்க, 130 வருஷ ஓரம் லேசா அழுக்கும் மென்மையுமா இருக்கும், முன்பக்கம் பூரா அழுக்கா இருக்கிற கார்டுக்கு ஓரம் மட்டும் வெள்ளை வெளேர்னு இருந்தா யாரோ கை வச்சிருக்காங்க. இது போக, கிழிஞ்ச பின்பக்கத்துக்கு வேற கார்டோட பின்பக்கத்த ஒட்டுறதும், போன கலர பெயின்ட் வச்சு நிரப்புறதும் நடக்கும், ரெண்டும் சாய்வா லைட் அடிச்சா தெரியும்.

கண்டிஷனும் விலையும்

அன்னைக்கு பசங்க இத சேர்த்து ஸ்கிராப் புக்ல மாவுப் பசை போட்டு ஒட்டினாங்க. அதனால பின்பக்கம் பேப்பர் உரிஞ்சு போன கார்டு ரொம்ப அதிகம், முன்பக்கம் பளபளன்னு இருக்கும் பின்னாடி லிஸ்ட் பாதி காணோம். என்னைக் கேட்டா ஆரம்பிக்கிறவங்களுக்கு இதுதான் சரியான சரக்கு. பிஎஸ்ஏ, எஸ்ஜிசின்னு கிரேடிங் கம்பெனிங்க 1லிருந்து 10 வரைக்கும் மார்க் போடுவாங்க, பின்பக்கம் உரிஞ்சதுக்கு 1 வந்தாலே பெருசு, விலை சரிஞ்சிடும், ஆனா படம் அதே படம்தான். பறவை, மீன், கொடி மாதிரி செட்ல மூலை மழுங்கின சாதாரண கார்டு பத்து இருபது டாலர்ல பாக்கலாம், நல்ல கண்டிஷன்னா அதுக்கு மேல ஏறும், செவ்விந்தியத் தலைவர்கள் அதுலயும் ஜெரோனிமோ, சிட்டிங் புல் எல்லாம் வேற லெவல், பேஸ்பால்ல கேப் ஆன்சன், கிங் கெல்லி மாதிரி பெரிய ஸ்டாருங்க கார்டு கிட்ட போகவே வேணாம்.

கேக்குற விலைய பாக்காதீங்க, வித்து முடிஞ்ச விலைய பாருங்க. ஈபேல அதுக்குன்னு தனி ஃபில்டர் இருக்கு, பெரிய ஏலக் கம்பெனிங்களும் பழைய ஏல ரிசல்ட்ட வெப்சைட்ல வச்சிருக்காங்க.

இங்கேருந்து வாங்குறது

ஒரு கார்டா வாங்கினா கார்டு விலைய விட தபால் செலவு அதிகமாயிடும். ஒரே விற்பனையாளர்கிட்ட அஞ்சாறு கார்டு சேர்த்து, ஒரே பார்சலா அனுப்ப சொல்லுங்க, நிறைய பேர் ஒத்துக்குவாங்க. ரெண்டு கெட்டி அட்டைக்கு நடுவுல வச்சு, தண்ணி போகாத கவர்ல போட்டு அனுப்ப சொல்லி முன்னாடியே மெசேஜ் பண்ணிடுங்க. கஸ்டம்ஸ்ல என்ன வரும்னு விசாரிச்சுட்டு பட்ஜெட் போடுங்க, விலைய குறைச்சு எழுதுங்கன்னு கேக்காதீங்க, தொலைஞ்சா இன்சூரன்ஸும் அந்தக் குறைஞ்ச தொகைக்குத்தான்.

இன்னொண்ணு, பல பேர் யோசிக்காதது. நம்ம நாட்டு 1972 தொல்பொருள் சட்டம் நூறு வருஷத்துக்கு மேல பழசான பொருள வெளிநாட்டுக்கு அனுப்புறதுக்கு கட்டுப்பாடு வச்சிருக்கு. கார்டு அமெரிக்காவுல பிறந்ததுதான், ஆனா திருப்பி அனுப்பும்போது கேள்வி வரலாம். அதனால உள்ள வந்ததுக்கான பில், கூரியர் ரசீது எல்லாத்தையும் பத்திரமா வச்சுக்கோங்க. கிரேடிங்குக்கு இங்கேருந்து அனுப்பி எடுக்கலாம்னு பிளான் போடாதீங்க, விலை உயர்ந்த கார்டு வேணும்னா ஏற்கனவே கிரேட் ஆனதையே வாங்கிடுங்க, அதோட சீரியல் நம்பர அந்த கம்பெனி வெப்சைட்ல போட்டு சரிபாருங்க.

வந்தப்புறம்

அழிக்காதீங்க, ரப்பர் போடாதீங்க, ஈரத் துணியால துடைக்காதீங்க. பின்னாடி ஒட்டியிருக்கிற ஸ்கிராப் புக் காகிதத்த எடுக்க டிஸ்டில்டு வாட்டர்ல ஊற வைக்கிற வழக்கம் சேகரிப்பாளர்கள்கிட்ட உண்டு, குரோமோலித்தோ கார்டு பொதுவா தாங்கும், ஆனா முதல் தடவ மலிவான கார்டுல பண்ணிப் பாருங்க. போட்டோ ஒட்டின கார்ட தண்ணி பக்கமே கொண்டு போகாதீங்க, முட்டைக்கரு பூச்சு வீங்கும், படம் அட்டைய விட்டு கழண்டு வரும்.

லேமினேஷன் பத்தி தனியா சொல்றேன், ஏன்னா நம்ம ஊர்ல எதையும் பாதுகாக்கணும்னா உடனே ஜெராக்ஸ் கடைக்கு ஓடுவோம். லேமினேட் பண்ணின நிமிஷமே கார்டு செத்துப்போச்சு, திருப்பி பிரிக்க வழி இல்ல. செல்லோ டேப்பும் அப்படித்தான், ஒண்ணு ரெண்டு வருஷத்துல பழுப்புக் கறை உள்ள இறங்கிடும்.

பாலியெஸ்டர் கவர் வாங்குங்க, மைலார்னு விக்கிறது அதுதான். பிவிசி கவர் வேணாம், சூட்டுல பிசுபிசுன்னு ஆகி கார்டுல ஒட்டிக்கும், நாம பழைய ரேஷன் கார்டு கவர்ல பாத்தது ஞாபகம் இருக்கா. சென்னை, தூத்துக்குடி மாதிரி கடற்கரை ஊர்ல பெரிய எதிரி ஈரம், ஏர்டைட் டப்பால சிலிகா ஜெல் போட்டு வைங்க, ஜெல் கலர் மாறினா காய வச்சு திரும்பப் போடுங்க. வெளிச் சுவர ஒட்டின பீரோல வைக்காதீங்க, மழைக்காலத்துல அந்தச் சுவர்தான் வேர்க்கும். ராமபாணப் பூச்சிக்கு பழைய மாவுப் பசைன்னா விருந்து, ஸ்கிராப் புக்ல இருந்து வந்த கார்டுன்னா தனி கவர்ல கொஞ்ச நாள் வச்சு பாத்துட்டு மத்ததோட சேருங்க. நாஃப்தலின் உருண்டை டப்பாக்குள்ள வேணாம், ஆவி கவர்லயும் காகிதத்துலயும் ஏறும். ஃப்ரேம் போட்டு சுவர்ல மாட்ட ஆசையா இருந்தா மியூசியம் ஸ்கேன டவுன்லோட் பண்ணி பிரிண்ட் போட்டு மாட்டுங்க. குரோமோலித்தோல ரோஸ் கலர்தான் முதல்ல வெயில்ல போகும், அல்புமன் போட்டோ மஞ்சளாகி மங்கிடும்.

கடைசியா கணக்கு. ஒரு எக்செல் ஷீட் போதும்: என் நம்பர், கார்டு பேர், யார்கிட்ட வாங்கினது, தேதி, தபாலோட சேர்த்து விலை, என்ன குறை, முன்பக்க பின்பக்க ஸ்கேன் ஃபைல் பேர். ஸ்கேன 600 டிபிஐல எடுங்க, அப்பதான் பிற்பாடு வேற கார்டோட ஒப்பிடும்போது எழுத்து ஓரம் வரைக்கும் தெரியும். கார்டு மேலயோ பின்னாடியோ பென்சில்ல கூட நம்பர் எழுதாதீங்க, எழுதணும்னா ஒரு துண்டுச் சீட்டுல எழுதி கவருக்கு வெளிய சொருகி வைங்க.